மூன்றில் ஒன்று

வ்ரோத்ஸ்வாஃப்,
4 அக்டோபர் 1971

மதிப்பிற்குரிய ஹியரோனிம் அவர்களுக்கு,

உங்கள் பன்னிரண்டாம் நகர்வு கிடைத்தது. 7-ஐ 1 போல எழுதாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று.

காஸ்பெர் இறந்தது தெரியாமல், புது ஆட்டம் தொடங்கலாமா என்று அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போட்டேன். என் கணவரின் நாற்காலி காலியாக இருக்க வேண்டாம் என்றுதான். விதியை நீங்களே சொல்லித் தந்தீர்கள். எண்கள் வரிசையாக நிற்கும் கோட்டில் நான் ஒரு துண்டைக் குறிக்க வேண்டும். அதற்குள், அதில் பாதிக்கும் குறைவான துண்டாக நீங்கள். அதற்குள் மறுபடி நான். முடிவே கிடையாது. எவ்வளவு சுருக்கினாலும் உள்ளேயே தங்கும் புள்ளி பின்னமாக இருந்தால் வெற்றி எனக்கு, இல்லையென்றால் உங்களுக்கு. ஆகவே பின்னங்களை வெளியே தள்ளுவது உங்கள் வேலை.

மூன்றில் ஒன்றை நீங்கள் தள்ளவே இல்லை. பன்னிரண்டு முறையும் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மாடி வீட்டு புரோன்யா சொல்கிறாள்: “அந்தாளு விட்டுக் குடுக்குறாரும்மா. புருஷன் போனவன்னு பாவம் பாக்குறாரு.”

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பரிதாப மதிப்பெண் வாங்கிப் பழக்கமில்லை. பரிதாபம்தான் என்றால் இனி எழுத வேண்டாம்.

என் நகர்வு: 0.33333331 முதல் 0.33333335 வரை.

திருமதி லியோகாடியா


டொரூன்,
11 அக்டோபர்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

பரிதாபம் இல்லை. எங்களைப் போன்ற கணிதக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெயிக்கும் வழி தெரிந்த அன்றே ஆட்டத்தை நிறுத்திவிடுவோம். காஸ்பெர் காபிக்கடை மேசையைத் தட்டுவான்: “வழி கெடச்சாச்சுடா, ஓவர்கோட்ட மாட்டு, வீட்டுக்குப் போலாம்.”

இந்த ஆட்டத்தின் வழி எனக்கு முதல் நாளே தெரியும். பின்னங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, முறைக்கு ஒன்றாகத் தள்ள வேண்டியதுதான். அரைப் பக்கம் போதும். அதை எழுதியிருந்தால் நம் கடிதங்களும் அன்றோடு நின்றிருக்கும். வரிசைப்படி தள்ளியிருந்தாலோ நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால்தான் வரிசையில் பாதிக்கு அடுத்து, இரண்டாவதாகப் போக வேண்டிய மூன்றில் ஒன்றை நிறுத்திவைத்தேன்.

திங்கட்கிழமைகளில் தபால்காரர் வந்து போகும்வரை நான் வெளியே இறங்குவதில்லை.

சொல்லிவிட்டேன். வழக்கப்படி ஆட்டம் முடிந்தது.

ஹியரோனிம்


வ்ரோத்ஸ்வாஃப்,
15 அக்டோபர்

அன்புள்ள ஹியரோனிம்,

உங்கள் வழி எனக்கு நான்காவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. காஸ்பெரோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு உங்கள் வழக்கமும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்றில் ஒன்றை உள்ளே வைத்து வைத்துத்தான் நானும் அனுப்பினேன். கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனால் நான் செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்களா, இல்லை பாவம் பார்க்கிறீர்களா என்று தெரியாமல் இருக்க முடியவில்லை.

புரோன்யாவிடம் சொன்னேன், “பரிதாபம் இல்லையாம்.”

“அப்ப வேற என்னவாம்?”

“உனக்கெதுக்கு? போய் அடுப்புல சூப்பைப் பாரு.”

சிரித்துக்கொண்டே போனாள்.

உங்கள் வழக்கத்தை மீறச் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்தது முடிந்ததுதான். டொரூனிலிருந்து ரயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றரைக்கு இங்கே வருகிறது, விசாரித்துவிட்டேன். தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே நிலையத்துக்கு வருகிறேன். நடுவில் ஆட ஒன்றுமில்லாமல் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று. முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியோகாடியா