அக்கரையில் இருப்பவருக்கு

உங்களுக்கு,

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே தேயிலை ஸ்டோருக்குப் போகிறேன். லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் ஏறிப் போய்விட்டது. வீரய்யாக் கங்காணிதான் வந்து எழுப்பிவிட்டார். "இங்க தூறல்கூட இல்லைன்னு இருந்துறாதீங்கம்மா. மலை மேல மத்தியானத்துலேருந்து இடி நின்ன எடத்துலயே நிக்குது. அம்புட்டுத் தண்ணியும் இந்த ஆத்துலதான் எறங்கும்" என்றார். ஆறு இப்போதே சேறாக ஓடுகிறது. தேயிலைச் செடி வேரோடு வருகிறது.

சோறு உறியில் இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் பதுளைக்குக் கிளம்பினீர்களே, அதே புளிக்குழம்புதான். பிள்ளைக்கு ஊரில் காது குத்தலாம் என்று நான் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? சரி, இங்கேயே குத்துவோம்.

மாட்டை அவிழ்த்து விட்டேன்.

ஆற்றைக் கடக்காதீர்கள். "முழங்கால் தண்ணிதானே" என்று கல்லில் கால் வைக்க வேண்டாம். அக்கரைக் கடையிலேயே இன்றைக்குப் படுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லிவர ஆள் கேட்டேன். இறங்க ஒருவருக்கும் துணிவில்லை. யாரைக் குறை சொல்ல?

விசாலாட்சி

கதவில் செருகின பிறகுதான் உறைக்கிறது. ஆற்றைக் கடந்து வந்தால்தானே இந்தச் சீட்டு உங்கள் கைக்குக் கிடைக்கும். கிழிக்க மனம் வரவில்லை.

படித்தீர்களானால், சோறு கிடக்கட்டும். நேரே மேலே ஏறி வாருங்கள். என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, என் கண்ணில் படுங்கள்.