முன்வரிசையில் சம்பந்தியம்மா

12-4-2025, சனி

தக்காளி விலை விழுந்துவிட்டது. எனக்கு மவுசு ஏறியிருக்கிறது. கம்பைநல்லூர் மாரியம்மன் திருவிழாவில் பட்டிமன்றம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: "மின்சாரம் எடுக்க ஏற்றது நிலக்கரியா, அணுவா?"

வழக்கமாகக் கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்றுதான் வைப்பார்கள். அதிலெல்லாம் நான் புலி. மின்சாரத்தில் என் அனுபவம், ஃபியூஸ் போனால் லைன்மேனுக்குப் போன் போடுவதோடு சரி. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மேடை என்றால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறதே, என்ன செய்ய? ஒரு பொன்னாடையும் வரும். முன்பு வந்ததில் ஒன்று ஃப்ரிட்ஜைப் போர்த்தியிருக்கிறது, ஒன்று தையல் மெஷினை. மிச்சமெல்லாம் தலையணை உறை. தையல்காரி வீட்டில் எந்தத் துணியும் வீணாகாது.

நடுவர் சிவக்குமார் சார் எனக்கு அணுக் கட்சி கொடுத்திருக்கிறார்.

"உனக்கு அணுவப் பத்தி என்னா தெரியும் அமுதா?" என்றார் வீட்டுக்காரர். தெரிந்தவர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்றால் நாட்டில் பாதி மேடை காலியாகக் கிடக்கும் என்றேன். அவர் தக்காளி மண்டிக்குக் கிளம்பிவிட்டார். எதிர்த்துப் பேசாமலே ஜெயிக்கிற ஆள் நவநீதன்.

19-4-2025, சனி

இப்போது எனக்கு அணுவைப் பற்றி எல்லாம் தெரியும். உபயம்: வருங்கால மாப்பிள்ளை.

என் மகள் காவியாவும் அருண்குமாரும் சேலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பையன் கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தில் வேலை. அப்பா இல்லை. கம்பைநல்லூரில் அம்மா சின்னம்மாள், கேழ்வரகும் மஞ்சளும் போட்டுத் தனி ஆளாகப் படிக்க வைத்தவர். வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவர் வாயால் "சரி" என்று இன்னும் முழுசாக வரவில்லை. காவியா அந்த ஒரு வார்த்தைக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள்.

அருண் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். புகை கிடையாது. விரல் நுனி அளவு யுரேனிய வில்லை போதும், அதே சூட்டுக்கு நிலக்கரி என்றால் மூட்டை மூட்டையாக எரிக்க வேண்டும். மழையோ ராத்திரியோ, ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு விட்டிருக்கலாம். நல்ல பையன், கெட்டதையும் சொன்னான். கட்டி முடிக்க வருடக் கணக்காகும், செலவும் அதிகம். எரிந்து முடிந்த கழிவைத் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். எப்போதாவது தப்பு நடந்தால் சின்னத் தப்பாக இருக்காது. உள்ளே போகிறவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் மாட்டிக்கொள்வார்களாம். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது அளக்குமாம்.

"எதிர்க்கட்சி இதெல்லாம் கேப்பாங்க அத்தை, தெரிஞ்சு வச்சிக்குங்க" என்றான். அத்தை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

27-4-2025, ஞாயிறு

சின்னம்மாளை நானே போனில் அழைத்தேன், முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், என் பேச்சைக் கேட்டால் "சரி" தானாக வந்துவிடும். அறிவுக்கொழுந்து!

3-5-2025, சனி

நேற்று பேசினேன். கைதட்டல் என்றால் கைதட்டல், பந்தலே அதிர்ந்தது. என்னை எதைக் கொண்டு அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேடை ஏறும் நேரத்தில் நிலக்கரிக் கட்சித் தலைவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சிவக்குமார் சார் சாதாரணமாக, "அமுதாம்மா, நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க" என்றார். நான் எழுந்து நாற்காலி மாறினேன். அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம். எந்த நாற்காலியில் போட்டாலும் பேசுகிறவள்தான் பேச்சாளி என்று ஒரு திமிர் வேறு.

நிலக்கரிக்கு என்ன பேசுவது? சுரங்கத்தில், ரயிலில், கொதிகலனில் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று கொஞ்சம் சொன்னேன். கை கொஞ்சமாகத் தட்டினார்கள். போதவில்லை. அப்போதுதான் அருண் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது.

"அங்கே வேலைக்குப் போகிற பிள்ளை நெஞ்சில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு போகிறானே, அது என்ன தெரியுமா தாய்மார்களே? எமதர்மன் கொடுத்த விசிட்டிங் கார்டு!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் விடவில்லை. பெற்றவள் வயிறு, தாலி, பிறக்கப்போகும் குழந்தை என்று அடுக்கிக்கொண்டே போனேன். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்ஜ் என்று ஒன்று இருப்பதையே மகன் அம்மாவிடம் சொன்னதில்லையாம். கரண்ட் ஆபீஸ் வேலை என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார்.

நாங்கள்தான் ஜெயித்தோம். பொன்னாடை பச்சை நிறம்.

4-5-2025, ஞாயிறு

அருண் காவியாவிடம் பேசினான். அம்மா சாப்பிடவில்லையாம். வேலையை விட்டுவிட்டு வா, மஞ்சள் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறாராம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதாம். அவன் ஆசைப்பட்டுப் படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை.

காவியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். "அவன் உன்ன நம்பித்தானம்மா சொன்னான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன பொழப்பு இது? எதுக்குடி உனக்கு இந்த வாய்?

6-5-2025, செவ்வாய்

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மேலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து எங்கோ வைத்துவிட்டார், காரணம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

11-5-2025, ஞாயிறு

சின்னம்மாள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலேயே குறிப்பெல்லாம் தயார் செய்துகொண்டேன். வெட்கம் கெட்டவள், மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் மூன்று தலைப்பு.

மோர் கொடுத்தார். நான் ஆரம்பித்தேன். புகை இல்லை, சாம்பல் இல்லை, அந்த பேட்ஜ் உண்மையில் பாதுகாப்புக்கானது, எத்தனை ஆயிரம் பேர் நன்றாக வேலை பார்க்கிறார்கள்... குரல் தானாக மேடைக்கு ஏறிவிட்டது. கையை வேறு ஆட்டினேன் போலிருக்கிறது, மோர் சிந்தியது. அவர் முழுசாகக் கேட்டார். பிறகு மெதுவாக,

"அன்னிக்குப் பேசுனது நெசமுங்களா, இன்னிக்குப் பேசுறது நெசமுங்களா?" என்றார்.

எதிர்க்கட்சியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ரெண்டுலயும் பாதிப் பாதிங்க" என்றேன்.

"எம் பையன் முழுசா அங்க இருக்கறானுங்களே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தலைவலியா என்று கேட்டுத் தைலம் கொடுத்தாள்.

14-5-2025, புதன்

ஒரே வழிதான் தோன்றுகிறது. சின்னம்மாள் கல்பாக்கத்துக்கு நேரில் போய்ப் பார்க்கட்டும். கூட நானும் போகிறேன், வாயைத் திறக்காமல். காவியாவிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள், நம்பிக்கையில்லாத சிரிப்பு.

24-5-2025, சனி

போய்விட்டு வந்தோம்.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. பெட்டி பெட்டியாக நிலக்கரி, முடிவில்லாமல். கரித்தூள் சின்னம்மாளின் வெள்ளை ஜாக்கெட்டில் படிந்தது. தட்டிவிட்டுக்கொண்டே, "இத்தன கரியும் எரிச்சா பொக எங்கங்க போவும்?" என்று கேட்டார்.

நெஞ்சுக்குள்ளதான் போகும், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இருமலாக வரும், சாம்பல் மலையாகக் குவியும், வானமும் சூடாகும் என்றேன்.

"இத அன்னிக்குச் சொல்லலீங்களே?"

"அன்னிக்கு அது எதிர்க்கட்சி பாயிண்டுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். அதற்குப் பிறகு சென்னை வரைக்கும், அங்கிருந்து பஸ்ஸிலும், நான் வாயே திறக்கவில்லை. இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அருண் ஊழியர் குடியிருப்பின் வாசலில் நின்றிருந்தான். நிலையத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். குடியிருப்பைச் சுற்றி நடந்தோம். மாடியில் துணி காய்ந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சின்னம்மாள் அந்தப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். கூச்சமில்லாமல் கிட்டே போய் எத்தனையாவது மாசம் என்று கேட்டார்.

அப்புறம் மகனிடம் பேட்ஜைக் காட்டச் சொன்னார். அதை வெளியே கொண்டுவரக் கூடாது, உள்ளேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்றான்.

"அது உன்னயக் காப்பாத்துமாடா?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. காப்பாத்தும் என்று சொல்லித் தொலையேன் தம்பி! அவன் சொல்லவில்லை.

"காப்பாத்தாதும்மா. அளக்கும். அளவு கூடுச்சுன்னா என்னய உள்ள விடமாட்டாங்க."

"பயமா இல்லியா?"

"பயந்துக்கிட்டேதாம்மா செய்யணும். பயமில்லாதவன் தப்பு பண்ணிருவான். நீ களையெடுக்கறப்ப பாம்புக்குப் பாத்துப் பாத்துதான் கால வைக்கற. காட்டுக்குப் போவாம இருக்கறியா?"

சின்னம்மாள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். எங்கிட்ட முன்னயே சொல்லியிருக்கலாமில்ல என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அவன் தலை குனிந்துகொண்டான்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். "நீங்க காத்தோட்டமா உக்காருங்க சம்பந்தி" என்றார்.

இருபது வருடம் பேசி வாங்காத பொன்னாடை. ஒரு நாள் வாயை மூடியதற்குக் கிடைத்தது.

8-6-2025, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. தாம்பூலம் மாற்றிய பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். முன்வரிசையைப் பார்த்தேன். "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்ணுக்குப் பச்சைப் பொன்னாடையில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்திருக்கிறேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது.

2-11-2025, ஞாயிறு

கல்யாணமாகிக் காவியா கல்பாக்கத்துக்குக் குடித்தனம் போய் இரண்டு மாதமாகிறது. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடுகிறாள்.

தீர்த்தமலைப் பக்கமிருந்து பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமியாரா மருமகளா. போகிறேன், நாற்காலி மாற மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்குப் பயம் போகவில்லை. மகனுக்குத் தினமும் போன் போடுகிறார். முன்பெல்லாம் முதல் கேள்வி "சாப்டியா" என்பதாக இருக்குமாம். இப்போது "பேட்ஜு மாட்டுனியா" என்கிறாராம். காவியா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று காலை மாப்பிள்ளை டூட்டிக்குக் கிளம்புகிற நேரம் போன் செய்தார். பொங்கலுக்கு வருவதைப் பற்றிச் சொல்ல வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"பேட்ஜு மறக்காம மாட்டிக்குங்க மாப்ள."