நீ பிடித்துக் கொடுத்த கேரவன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்குத் தலைவலி வந்தாலே முதல் போன் எனக்குத்தானே வரும். நான் பேச வாயைத் திறந்தால் மட்டும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், இதை நீ பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? சும்மா பெருசாக்காதம்மா, ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா அப்படித்தான், கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும் என்றாய். வைத்தியம் படித்தவன் மாதிரி சொல்லிவிட்டு இந்தக் கேரவனைப் பிடித்துக் கொடுத்தாய். சினிமாக்காரர்கள் உட்காரும் வண்டி என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கடலைப் பார்த்து வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே இரும்புப்படி, ஒரே நீலத் திரை. உள்ளே திரும்பினால் இடுப்பு இடிக்கிறது, மேசையை மடக்கினால்தான் கட்டிலை விரிக்க முடியும். ஊரைக் குறை சொல்லவில்லை, அழகாகத்தான் இருக்கிறது. கலங்கரை விளக்கம் பார்த்தோம், படகுத்துறையில் மீன் ஏலம் போடுவதை வேடிக்கை பார்த்தோம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்தோம். படம் எடுத்து அனுப்பினேன், நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினாய், மகராசன்.

நேற்று மதியம் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கேனை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் குழாயடியில் கேன் நிரம்பி வழிகிறது, ஆளைக் காணோம். எதிரே கடல். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன்டா. நாலு வண்டி தள்ளி ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் உன் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் கட்டிலில் ஜம்மென்று படுத்திருக்கிறார், உன்னை யாரும்மா என் வீட்டுக்குள்ள விட்டதுன்னு அவளையே அதட்டுகிறார். அவள் புருஷன் வந்து, குடிகாரக் கிழவா வெளிய போடா என்று கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். ஒரு சொட்டுக்கூடத் தொட்டறியாத மனிதர். அத்தனை வருஷம் பஸ் ஓட்டி, ஊரில் உள்ளவர்களையெல்லாம் அவரவர் இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டவர், அந்தப் படியில் நின்றுகொண்டு இது எந்த ஸ்டாப் என்று என்னைக் கேட்டார். நான் அந்தப் பயலிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். நான்!

உடனே உனக்குப் போன் செய்தேன். பாதி கேட்டதுமே சிரித்தாய் பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருந்தா எனக்கே கொழம்பும்மா, இதுக்குப் போயி அழுவாங்களா என்றாய். வண்டி மாறியதற்கா நான் அழுதேன்? நம் வண்டிக்குக் கூட்டி வந்த பிறகும், நம்ம வீட்டுக்குப் போலாம் வா என்று விடாமல் என் கையைப் பிடித்து இழுத்தாரே, அதற்கு அழுதேன். அதைச் சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. உன் பெண்டாட்டியை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், ஆனால் மாத்திரை போட்டாரா என்று அவள்தான் தினமும் கேட்கிறாள்.

சாயங்காலம் கரண்ட் பெட்டியைப் பார்க்கக் காவலாளி வந்தான், உன் வயதுதான் இருக்கும். அவனைக் கண்டதும் உன் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எப்படா வந்த, சாப்டியா என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். இப்பதாம்ப்பா வந்தேன், இன்னும் சாப்டல என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவர் தன் தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தார், பல மாதம் கழித்து நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு அவன் மேல் வந்த பாசமும் உன் மேல் வந்த ஆத்திரமும் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறோம். நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். நீ கூட வந்து உட்கார வேண்டும், சாக்குச் சொன்னால் இனி என்னோடு பேசாதே. நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், எவ்வளவு திட்டினாலும் கடைசியில் இதுதான் வந்து தொலைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. வந்ததும் பின்னாலிருந்து போய்க் கட்டிப்பிடிக்காதே, மிரண்டுவிடுவார். முன்னால் நின்று நீ யார் என்று பொறுமையாகச் சொல். நம்பவில்லை என்றால் அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, அவரைப் பொறுத்தவரை மகன் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா