ஹசாக் என்னும் வினைச்சொல்

ஞாயிறு இரவு, சூரியநெல்லி.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் ‘ஹசாக்’ என்றால் பலமாயிருப்பது. வடிவம் மாறினால் அதுவே கையை இறுகப் பிடித்துக்கொள்வது. நானே படித்து, வியாழன்தோறும் என் வீட்டில் சபைத் தோழி ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் இதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இன்று சபையில் எல்லார் முன்னும் பாஸ்டர் என்னைக் கேட்டார்: “சோறாக்குற கைக்கு எபிரேயம் எதுக்கும்மா? ஸ்டெல்லா, நீயும் அங்கதான் படிக்கிறியா?”

“ஐயோ, நான் காப்பி குடிக்கப் போறவ பாஸ்டர். அக்கா என்னமோ வாசிக்கும்.”

சபையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடிமைகளைப் போகவிடாத எகிப்து ராஜா பார்வோனின் இருதயம் இறுகிப்போனதற்கும் வேதத்தில் இதே வினைதான். அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கர்த்தாவே, வியாழக்கிழமை அவள் வந்து தட்டினால் நான் கதவைத் திறக்க வேண்டும். இப்போது அந்த மனம் இல்லை.