சட்டை தைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா,

இன்று காலையில் பக்கத்து வளவில் குசினிக் கூரை பற்றிக்கொண்டது. அடுப்பிலிருந்து பறந்த பொறிதான். பெரிதாக ஒன்றும் இல்லை. கிணற்றடியில் நின்றவர்கள் ஓடிவந்து வாளி வாளியாக ஊற்றி அணைத்துவிட்டார்கள். நானும் ஒரு வாளி தூக்கினேன். எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டேன். நனைந்த கிடுகு எரிந்த நாற்றம் சேலை முழுக்க ஊறியிருந்தது. நீங்கள் போய் எத்தனையோ மாரி கழிந்துவிட்டன. ஆனாலும் அந்த நாற்றம் பட்டால் உங்கள் கொட்டில் எரிந்த நாள்தான் கண்முன் வருகிறது.

யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது ஊரில் எவர் வாயைத் திறந்தாலும் அரிசிக் கதைதான். சண்டை எப்போது முடியும், கப்பல் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு கதை இல்லை. ஒரு பழைய மாட்டுக்கொட்டில் எரிந்ததை இனி யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? அதனால்தான் உங்களுக்குத் தெரிந்ததை உங்களிடமே சொல்கிறேன்.

நீங்கள் மலாயாவிலிருந்து திரும்பி வந்தபோது ஊர் முழுக்கப் பார்க்க வந்தது. அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல், வெள்ளைச் சேலையோடு வண்டியிலிருந்து இறங்கினீர்கள். உங்களுக்குச் சீதனமாக எழுதியிருந்த சின்ன வீட்டுக்குள் இரண்டு பெட்டிகளும் ஒரு தையல் மெசினும் போயின. இனி நீங்கள் அந்த வீட்டின் மூலையில் இருந்து தேவாரம் படிப்பீர்கள் என்றுதான் புத்தூரில் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வளவில் இருந்த, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

"பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலை உமக்கு என்ன வேலை?"

"ஒண்டுமில்லை அக்கா."

"அப்ப என்னோடை வாரும். அண்ணற்றை தோட்டத்திலை வேலை செய்யிற பெட்டையளை நான் கூப்பிடப் போறன். எழுத்தை நீர் சொல்லிக் குடும், தையலை நான் பாக்கிறன்."

"அவை வருவினமோ?"

"வராட்டிப் போய்க் கூப்பிடுவம்."

உங்கள் அண்ணரின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாதவர்கள். படலைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றும்வரை காத்து நிற்பவர்கள். அவர்களுடைய பெண்கள் மேலுக்குச் சட்டை போட்டால் ஊர் பொறுக்காது. அந்தப் பிள்ளைகளைத்தான் நீங்கள் வளவுக்குள் கூப்பிடப் போவதாகச் சொன்னீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"அங்கை அவர் செத்த அண்டைக்கு என்ரை தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தது, றப்பர்த் தோட்டத்திலை கூலிக்குப் போற பெட்டையள்தான். நான் ஆரெண்டு அவை கேக்கேல்லை. அவை ஆரெண்டு நானும் கேக்கேல்லை." அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுத்ததில்லை.

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. உங்கள் வளவின் பழைய மாட்டுக்கொட்டிலைக் கூட்டி, சாணி மெழுகி, பாய் விரித்து, அதில் நாங்கள் இரண்டு பேரும் பொழுதுபடும்வரை இருந்தோம். அடுத்த ஞாயிறு பொன்னி வந்தாள். உங்கள் அண்ணரின் தோட்டத்து வேலனுடைய மூத்த மகள். வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஏன் பிள்ளை உதிலை நிக்கிறாய்? உள்ளுக்கு வா."

"இல்லை நாச்சியார், நான் இதிலையே நிக்கிறன்."

"நாச்சியார் எண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டன். அக்கா எண்டு சொல்லு."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நீங்கள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெசினுக்கு எண்ணெய் விடுவதுபோல் காத்திருந்தீர்கள். கடைசியில் காற்றுப் போன குரலில் "அக்கா" என்றாள். படலை திறந்தது.

அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். கொட்டில் நிறைந்தது. நான் மணலில் எழுதிக் காட்டினேன். நீங்கள் தைக்கக் கற்றுக் கொடுத்தீர்கள். அது மட்டுமா? யாருடைய காலில் புண் என்று பார்த்து மருந்து கட்டினீர்கள். யாருக்கு வீட்டில் அடி விழுந்தது என்று முகத்தைப் பார்த்தே அறிந்து, அவள் தகப்பனிடம் நேரே போய்க் கதைத்தீர்கள். கலியாணம் என்று சொல்லிக் கிழவன் ஒருவனிடம் தள்ளிவிடப் பார்த்த பிள்ளைக்காக அவள் வீட்டு வாசலில் போய்க் குந்தியிருந்து, அந்தப் பேச்சை நிறுத்தினீர்கள். பொன்னி எழுத்தை விழுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பேப்பர்த் துண்டு கிடைத்தாலும் எடுத்து வாசித்தாள்.

தையல் பழகியவர்கள் முதலில் எதைத் தைப்பார்கள்? தங்களுக்குச் சட்டை தைத்தார்கள். ஒரு திருவிழாவுக்கு அந்தப் பிள்ளைகள் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வெளிவீதிக்கு அப்பால் நின்று சாமி பார்த்தார்கள். அன்று தொடங்கியது வினை.

உங்கள் அண்ணர் வந்தார். முற்றத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பிள்ளை, நீ கைம்பெண். உன்னைப் பாத்து நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஊர் என்னைக் கேக்குது. உந்தக் கொட்டிலைப் பூட்டு."

"அதுகள் சட்டை போட்டா ஊருக்கு என்ன குறையுது அண்ணை?"

"குறையிறது உனக்கு விளங்காது."

அடுத்த கிழமை நாங்கள் இரண்டு பேரும் செல்வச்சந்நிதி கோயிலுக்குப் போயிருந்தோம். வண்டியில் திரும்பி வரும்போது தூரத்திலேயே புகை தெரிந்தது. வந்து பார்க்கும்போது கொட்டில் விழுந்து கிடந்தது. மெசினின் மரப்பலகை கரிந்து, இரும்பு மட்டும் எலும்புபோல் நின்றது. அயலில் எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்து உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் அழவில்லை. "பிள்ளையள் ஒண்டும் உள்ளுக்கை இருக்கேல்லைத்தானே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகின. பிள்ளைகளைத் தாய் தகப்பன் அடைத்து வைத்தார்கள். பொன்னி மட்டும் வந்தாள். எரிந்த நிலத்தில் சாக்கு விரித்து அவளோடு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசுபத்திரியில் மருத்துவிச்சி வேலை பழகப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள், எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று நான்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். நீங்கள் பொன்னியின் கையைப் பிடித்து, "போறியோ?" என்றீர்கள். அவள் தகப்பன் வேலனைப் போய்ப் பார்த்தீர்கள். அந்த மனிதர், "உங்களை நம்பித்தான் விடுறன் அக்கா" என்றார். உங்களைவிட எவ்வளவோ மூத்தவர். அவர் வாயிலும் "அக்கா" வந்துவிட்டது.

அந்தப் பஸ் பயணத்தை நான் எப்படி மறப்பேன்? ஆசனத்தில் இடம் இருந்தது. பொன்னி ஏறியதும் பஸ்காரப் பெடியன் அவளைப் பார்த்து, "நீ கீழை இரு" என்றான். அவள் தரைப் பலகையில் குந்தினாள். நீங்கள் ஆசனத்திலிருந்து எழும்பினீர்கள். வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில், அந்த மண்ணும் வெற்றிலைத் துப்பலும் கிடந்த பலகையில் இருந்தீர்கள். நானும் இறங்கி உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். பஸ்ஸுக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "உதென்ன கூத்து, இறக்கி விடு" என்றார். நீர்வேலியில் எங்களை இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. உங்களுக்கு முதல் நாளே காய்ச்சல். மரத்துக்குக் கீழ் ஒதுங்குவோம் என்று நான் கெஞ்சினேன். "நேரம் பிந்தினா வேறை ஆரையும் எடுத்துப்போடுவினம்" என்று நீங்கள் நடந்துகொண்டே இருந்தீர்கள். பொன்னி, தான் தைத்த சட்டை நனையாமல் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நடந்தாள். கோப்பாய் தாண்டும்போது நீங்கள் இருமிய இருமல் எனக்குப் பயத்தைத் தந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்கார டொக்டர் அம்மா ஒரு புத்தகத்தை நீட்டினார். பொன்னி தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, திக்காமல் வாசித்தாள். எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் நீங்கள் சிரித்தது போன்ற சிரிப்பை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அந்தச் சிரிப்பு அந்த மாரி முடியும்வரைகூட நிற்கவில்லை.

வேலன் குடும்பம் இருந்தது உங்கள் அண்ணரின் காணியில். அவருடைய ஆட்கள் வந்து குடிலைப் பிரித்துப் போட்டார்கள். சட்டி பானையெல்லாம் சேற்றில் கிடந்தன. பொன்னியின் தாய் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூவரச மரத்துக்குக் கீழ் நனைந்துகொண்டிருந்தாள். நீங்கள் ஓடிப்போய் உங்கள் அண்ணரின் காலைப் பிடித்தீர்கள். ஓம் அக்கா, ஊரெல்லாம் பார்க்கப் பிடித்தீர்கள்.

"அண்ணை, கொட்டிலை நான் இனித் திரும்பக் கட்ட மாட்டன். பெட்டையளைக் கூப்பிட மாட்டன். உந்தச் சனத்தை மட்டும் விடுங்கோ."

"பெட்டை திரும்பி வரட்டும். வந்து தோட்டத்திலை இறங்கட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

நாங்கள் பொன்னிக்குச் சொல்லவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவள் ஆசுபத்திரியிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். நீங்கள் அவளைத் தோளில் பிடித்து உலுப்பினீர்கள்.

"திரும்பிப் போடி! உன்ரை ஆக்களை நான் பாக்கிறன். என்ரை வளவிலை குடில் போட்டுக் குடுக்கிறன். நீ போ!"

"என்ரை படிப்புக்காக அம்மா மழையிலை கிடக்கிறா அக்கா. என்னாலை ஏலாது."

நீங்கள் அவர்களுக்கு உங்கள் வளவில், கொட்டில் எரிந்த இடத்திலேயே குடில் போட்டுக் கொடுத்தீர்கள். ஆனால் பொன்னியை ஆசுபத்திரிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதற்குள் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. டொக்டர் அம்மா மனம் வருந்தித்தான் சொன்னார். ஆனாலும் இல்லை என்பது இல்லைதான். அன்று திரும்பி வந்து நீங்கள் படுத்த பாய்தான். மழையில் பிடித்த இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. அந்தச் சனத்தை வளவில் குடியேற்றியதற்காக ஊர் உங்களை ஒதுக்கிவைத்தது; வண்ணான் வரவில்லை. பரியாரியார் வரப் பயந்து மருந்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். பொன்னிதான் உங்களைத் துடைத்து, கஞ்சி பருக்கினாள். கடைசி நாட்களில் நீங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஞாயிற்றுக்கிழமையே இண்டைக்கு? ஆரும் வந்தவையோ?"

ஓம் வந்திருக்கினம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை.

செத்த வீட்டுக்கு ஊர் வரவில்லை. உங்கள் அண்ணர் வந்து முற்றத்தில் நின்றார். பாடை கட்டிக் கிடக்கிறது, தூக்க ஆளில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் படலையைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. கடைசியில் குனிந்து முன் பக்கத்தைத் தோளில் எடுத்தார். பின் பக்கத்தை வேலனும் அவருடைய தம்பிமாரும் எடுத்தார்கள். பின்னால் தூக்குவது யார் என்று உங்கள் அண்ணர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. படலையில் நின்று நானும் பொன்னியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதோடு அவர் மாறினாரோ என்று கேட்பீர்கள். இல்லை அக்கா. பிள்ளை இல்லாதவளின் சீதனம் அவரிடமே திரும்பியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வேலன் குடும்பத்தை அந்த வளவிலிருந்து எழுப்பினார். வல்லை வெளிப் பக்கத்தில், ஒரு பயிரும் வராத உவர் நிலத்தில் போய் அவர்கள் குடில் போட்டார்கள். போகிற அன்று பொன்னி என்னிடம் வந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரீச்சர், அக்கா எங்களை ஏன் கூப்பிட்டவ? கூப்பிடாட்டி அவவும் இருந்திருப்பா, எங்களுக்கும் கூரை இருந்திருக்கும்."

இன்றைக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதும், தனியே சோறு காய்ச்சும்போதும், கோயிலில் கண்ணை மூடும்போதும் அந்தக் கேள்விதான் வருகிறது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அவள் தாய் மழையில் நனைந்துகொண்டுதான் இருக்கிறாள்.

பொன்னி மருத்துவிச்சி ஆகவில்லை. ஆசுபத்திரியில் இருந்த அந்தக் கொஞ்ச நாளில் கண்டதை வைத்துக்கொண்டு, தன் சனத்தின் பிள்ளைப்பேறுகளுக்குப் போகிறாள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறாளாம். கத்தரிக்கோலை அவித்துத்தான் தொடுவாளாம். சில பிள்ளைகள் தப்புகின்றன. சில தப்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் நான் பாய் விரிக்கிறேன். சிலவேளை ஒருவரும் வருவதில்லை. போன கிழமை ஒரு சின்னப்பெண் வேலிக்கு வெளியில் நின்றாள். கால் முழுக்க உவர்ச் சேறு. பூவரச மரத்துக்குக் கீழ் தாயின் மடியில் கிடந்த அந்தக் கடைக்குட்டிதான்.

"ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?"

"அக்கா போகச் சொன்னவ."

அவளுக்கு அக்கா என்றால் பொன்னி. இந்தப் பிள்ளைக்காக இனி யாருடைய கூரை பிரியும்? யார் மழையில் கிடப்பார்கள்? போய்விடு பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ளுக்கு வா" என்றுதான் வந்தது, அக்கா. ஏன் கூப்பிட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.