வெட்டச் சொன்ன வசனம்

8.2.1962
வாசிகசாலை ஆண்டுவிழாவுக்குச் செல்வநாயகம் வாத்தியார் எழுதிய நாடகத்தைப் படியெடுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு நடிகருக்கும் அவருடைய வசனம் மட்டும். அதற்கு முன் மற்றவர் சொல்லும் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதவேண்டும். அது காதில் விழுந்தால்தான் அவர் வாய் திறப்பார்.

10.2.1962
நாடகத்தில் கமலம் என்று ஓர் இளம் விதவை. கடைசிக் காட்சியில் தமையனிடம் சொல்கிறாள்: "எனக்கு அவரிலை ஆசை. என்னைக் கேட்டிருந்தால் எப்பவோ சொல்லியிருப்பன்."

நான் வாசித்த கதைகளில் ஆசைப்படுவது ஆண்கள், பெண்கள் தலைகுனிவார்கள். இப்படி நேரே சொல்லும் ஒருத்தியை இதுவரை கண்டதில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா வாசி" என்றா.

அத்தான் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். போன மாதம் முள்ளியவளையிலிருந்து மயில்வாகனம் என்பவர் அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பினார். சரிவராது என்று அப்பா திருப்பிவிட்டார். அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

13.2.1962
கணக்குச் சோதனை. சுமார்.

17.2.1962
ஒத்திகை. கமலமாக நடிப்பது யோகநாதண்ணை. மீசையை எடுத்துவிட்டார். அந்த வசனம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். வாசிகசாலைத் தலைவர் என்று முன் கதிரையில் இருந்த அப்பா சிரிக்கவில்லை. குடும்பப் பெண்கள் வந்து பார்க்கும் இடம், அதை வெட்டவேண்டும் என்றார். வாத்தியார் கொஞ்சம் வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்துவிட்டார்.

"எனக்கும் நல்லம் ஐயா," என்றார் யோகநாதண்ணை. "ஏழு வருஷமாய் என்ர மனுசியே எனக்கு இப்பிடிச் சொன்னதில்லை."

அண்ணையின் தாளில் வெட்டிவிடு பிள்ளை என்று அப்பா என்னிடம் சொன்னார்.

18.2.1962
வெட்டினேன். ஒரே கோடு.

3.3.1962
விழா. வாத்தியாரின் முழுப் பிரதியோடு திரைக்குப் பின்னால் நான், மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க. கடைசிக் காட்சியில் யோகநாதண்ணை, தன் தாளில் வசனம் வெட்டியிருந்ததால், தலைகுனிந்து நின்றார். அடுத்தது தமையன், பரமலிங்கண்ணை. வெட்டச் சொன்ன அந்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை, பிறகு ஒத்திகையும் நடக்கவில்லை. அவர் பேசவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

ஐயோ, அவருடைய தாள்! அதில் சிவப்பு மையில் அந்த வரி அப்படியே கிடக்கிறது. ஒரு தாளில் வெட்டினேன், மற்றதில் மறந்துபோனேன்.

யாரோ விசிலடித்தார்கள். பரமலிங்கண்ணை திரைப்பக்கம் பார்த்தார். நான் வாசித்தேன். மெதுவாக இல்லை. "எனக்கு அவரிலை ஆசை. என்னைக் கேட்டிருந்தால் எப்பவோ சொல்லியிருப்பன்."

யோகநாதண்ணையின் கீச்சுக்குரல் இல்லை, ஒரு பெண்ணின் குரல். சபை அடங்கிப்போயிற்று. "அப்ப உன்ர விருப்பம்போலை நடக்கட்டும்" என்றார் பரமலிங்கண்ணை. நாடகம் நகர்ந்தது.

4.3.1962
அப்பா என்னோடு கதைக்கவில்லை. அவருடைய தாளில் வெட்டாமல் விட்டது மறதிதான், சத்தியமாய். ஆனால் வாசித்தது? தமையனின் வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுத்திருக்கலாமே. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

5.3.1962
இன்றும் கதைக்கவில்லை.

11.3.1962
முள்ளியவளை ஆட்கள் திரும்ப வந்து போனார்கள். மத்தியானம் சாப்பிடும்போது அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி அக்காவிடம் கேட்டார்.

"நீ என்ன சொல்லுறாய், நாகேஸ்?"

அக்கா அகப்பையைக் கீழே வைத்தா. அழுவா என்று நினைத்தேன்.

"நான் அவரைக் கண்டதில்லை, அப்பா. ஒருக்கா வரச்சொல்லுங்கோ. பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

 அவர்கள் சாப்பாட்டுக்கு வந்தால் என்ன கறி வைப்பது என்று அப்பா என்னிடம் கேட்டார்.