பேர் போட்டாச்சு

16.10.78 திங்கள்
காலையிலிருந்து மழை. பேனர் துணி காயவில்லை. தீபாவளிப் படத்து நாயகன் முகம் பாதி முடிந்தது. மூக்கு சரியில்லை.

மதியம் சீனக் கிழவரின் பழைய புத்தகக் கடை. அட்டை கிழிந்த அமெரிக்கக் காமிக்ஸ் நான்கு. முகமூடி, முதுகில் போர்வை, பறக்கும் ஆள். எங்கள் பேனர் கடையில் எழுத்து வேலை செய்யும் செல்வம் எட்டிப் பார்த்தான். "என்னா மச்சான், சிலுவார் மேல ஜட்டி போட்ருக்கான்?"

ஒன்று உறுத்துகிறது. நான்கிலும் முதல் பக்கத்தில் ஒரே பெயர். ஆனால் வரைந்த கை இரண்டு. ஒன்றில் விரல்கள் வாழைச்சீப்பு. மற்றதில் முஷ்டி மடக்கினால் எலும்பு தெரிகிறது. ஒரே ஆள் இல்லை. முகம் வரைகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?

18.10 புதன்
வெயில். தெரிய வேண்டியவை: எலும்புக் கைக்காரன் யார்? பெயர் ஏன் இல்லை? நீல பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

கிழவர் ஓர் ஆங்கிலப் பத்திரிகை தேடிக் கொடுத்தார். அகராதியோடு மல்லுக்கட்டினேன். பெயர் போட்டவன் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசி முடித்தவன். எலும்புக் கைக்காரன் வேறு, ஒரு தையற்காரர் மகன். பறக்கும் ஆள் புகழ் பெற்ற முதல் வருஷங்களில் பாதிப் படங்கள் இவன் கை. பிறகு கண் மங்கியது, வேலை போனது. ஆனால் கெட்டிக்காரன். படத்தில் வரும் தெருக் கடைகளின் பலகையில் தன் பெயரை எழுதிவிடுவானாம்!

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். மூன்றாவது புத்தகம், ரொட்டிக் கடைப் பலகை. இருக்கிறது. தனியாகச் சிரித்தேன்.

இங்கே மட்டும் என்ன? பேனரில் முகம் வரைவது நான், மூலையில் கையெழுத்து முதலாளி பாலா அண்ணனுடையது. அவர் எங்கள் பழைய ரப்பர் எஸ்டேட் கங்காணியின் மகன். அப்பன் ஆள் பிடித்துத் தின்றான், மகன் படம் பிடித்துத் தின்கிறான்.

19.10 வியாழன்
கேட்டேவிட்டேன். "அண்ணே, கீழ என் பேரும் சின்னதா போடலாமா?"
"சம்பளம் வாங்குறல்ல? அப்புறம் பேரு எதுக்குலா?"

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "பேர் போட மாட்டேங்கிறாரும்மா."
அம்மா சோற்றுக் கையோடு பதறிவிட்டார். "ஐயோ, அப்ப நாளைக்கு வேலை இல்லையாடா?"

எஸ்டேட்டில் விடியற்காலைப் பெரட்டு; வரிசையில் நிறுத்தி ஆள் கூப்பிட்டுப் பேர் போட்டால்தான் அன்றைக்கு வேலை. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்று எத்தனையோ வருஷம். அம்மாவுக்குப் பேர் என்றால் இன்னும் கூலிதான். சிரிப்பு வரவில்லை.

21.10 சனி
பேனர் முடிந்தது. மூக்கும் சரி. நாயகனுக்குப் பின்னால் ஒரு தெரு, தெருவில் ஒரு டீக்கடை. பலகை எழுதுவது செல்வம் வேலை. தூரிகையை நான் வாங்கிக்கொண்டேன். 'கோ. முருகேசன் டீக்கடை.'
செல்வம் சீட்டியடித்தான். "மாட்டுனா செத்தலா நீ."

23.10 திங்கள்
தூறல். பேனர் தியேட்டர் முகப்பில் ஏறியது. முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம். கண் நல்ல கண்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.
"யாருடா அந்த டீக்கடை?"
"நான்தாண்ணே."
பக்கத்தில் தியேட்டர்காரர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. சாரமும் பிரித்தாயிற்று. இனி இறக்க முடியாது. முதலாளி என் காதோரம் வந்தார். அவர் அப்பன் குரல் அப்படியே.
"பேர் போட்டுக்கிட்டேல்ல? நல்லாருக்கு. இன்னையிலருந்து ஒனக்குப் பேர் இல்ல. வீட்டுக்குப் போலா."

மூன்று மணிக்கே வீடு. அம்மா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.
"என்னடா வெள்ளனமே வந்துட்ட? இன்னைக்குப் பேர் போட்டாச்சா?"
"போட்டாச்சும்மா."